எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆன பிறகு யாரிடம் போவது?

எனக்கு இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் நடந்தது 2018 ஜூனில், சென்னையில். அப்போது 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. முதல் இரண்டு வருடம் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து கூப்பிட்டார்கள், நானும் கரூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் வந்தேன். 2021இல் கொரோனா இரண்டாம் அலை, போன் வரவில்லை, நானும் போகவில்லை. அடுத்த வருடம் போனபோது எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள், 71 காட்டியது. "சூப்பர், இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க, அடுத்த வருஷம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதித் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து ஆபீஸ் மாடிக்கு ஏறுவதற்குள் நடுவில் இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் விரல்கள் எப்போது பார்த்தாலும் மரத்தே இருந்தன. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனை டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உடம்புல ரத்தமே இல்லையே" என்றார். ஹீமோகுளோபின் 8.1. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு, 5. பி12 லேப் போட்டிருந்த கீழ் எல்லைக்கும் கீழே.

அதற்குப் பிறகுதான் இனி யாரை நம்பி இருப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். சர்ஜன், என்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்), குடும்ப டாக்டர், கேஸ்ட்ரோ டாக்டர் (வயிறு, குடல் பார்ப்பவர்), டயட்டீஷியன் என்று இந்த நாலைந்து வருடத்தில் எல்லோரிடமும் போயிருக்கிறேன். நாமக்கல்லில் இருக்கும் என் பெரியம்மா மகன் அண்ணனுக்கு 2020இல் ஸ்லீவ் என்ற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தார்கள், அவருக்கும் இதே கேள்வி வந்தது, ஆனால் பதில் வேறாக வந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்ப்பவள். ஆனால் இந்த விஷயத்தில் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டது கொஞ்சம் அதிகம்.

யாரிடம் போவது என்பதற்கு முன்னால் எதற்காகப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும், எனக்கு நாலு வருடம் தெளிவாகாமல் இருந்தது அதுதான். எடை பார்க்க டாக்டர் தேவையில்லை, வீட்டிலேயே மெஷின் இருக்கிறது. பைபாஸில் இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சிறிய பையாகப் பிரித்து, முன்சிறுகுடலையும் அதற்கடுத்த கொஞ்ச தூரத்தையும் சாப்பாடு தொடாமல் போகும்படி இணைத்துவிடுகிறார்கள். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்த இடத்தில்தான். பி12 உடம்பில் சேர இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும், அதுவும் சாப்பாட்டோடு சரியாகக் கலப்பதில்லை. ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அதனால் அங்கேயும் பி12 குறையும், இரும்பும் குறையும், பைபாஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும். இதில் முக்கியமான விஷயம் காலக்கணக்கு. கல்லீரலில் பி12 சில வருடங்களுக்கு வேண்டிய அளவு இருப்பு இருக்கும். ஆபரேஷன் ஆனதும் இருப்பிலிருந்து செலவாகிக்கொண்டே இருக்கும், நமக்கு எதுவும் தெரியாது, ரிப்போர்ட்டும் ஓரளவு நன்றாகவே வரும். இருப்பு தீர்வது இரண்டு, மூன்று, நாலு வருடம் கழித்து. ஆஸ்பத்திரி போன் செய்வதை நிறுத்துவதும், நாமும் "இனி என்ன, எல்லாம் சரியாகிவிட்டதே" என்று இருந்துவிடுவதும் சரியாக அதே சமயத்தில்தான்.

இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் இதை நேராகவே கையாள்கிறது. ஆபரேஷன் செய்த குழுவே குறைந்தது இரண்டு வருடம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ஊரிலுள்ள ஜி.பி. என்ற குடும்ப டாக்டரும் சிறப்பு மருத்துவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது சத்துக்குறைபாடு பார்க்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. நம் ஊரில் அப்படித் தானாக ஃபைல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதில்லை. நாம்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் மூன்றாம் வருடத்திலிருந்து யார் என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும்.

முதல் இரண்டு வருடத்துக்கு எனக்குச் சந்தேகமே இல்லை, சர்ஜன்தான், எத்தனை தூரமானாலும். தையல் போட்ட இடம், குடல் சுருக்கம், வாந்தி, வேகமாக எடை குறையும்போது வரும் பித்தப்பைக் கல், எல்லாம் அந்த முதல் இரண்டு வருடத்தில் வரக்கூடிய விஷயங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து அவரையே தொடரலாமா என்பதுதான் கேள்வி. அவர் பக்கம் இருக்கும் பெரிய பலம், உள்ளே என்ன செய்தார் என்று அவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். பைபாஸ் ஆனவர்களுக்குக் குடல் இடைவெளிக்குள் புகுந்து திருகிக்கொள்ளும் பிரச்சினை பல வருடம் கழித்தும் வரலாம். விட்டு விட்டு வரும், சாப்பிட்டதும் மேல்வயிற்றில் முறுக்கிப் பிடித்து முதுகு வரைக்கும் போகும். சி.டி. ஸ்கேனில்கூடச் சில சமயம் தெரியாமல் போகும். கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாத வலி அது. அந்த வலிக்கு இந்த ஆபரேஷன் தெரிந்த சர்ஜனைத் தவிர வேறு யாரிடமும் போய் நேரத்தை வீணாக்காதீர்கள், சென்னைக்குப் போக நேரமில்லை என்றால் திருச்சியிலோ கோவையிலோ பாரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்யும் சர்ஜன் யார் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வருடாந்திர ரத்த ரிப்போர்ட்டை நிதானமாக உட்கார்ந்து பார்க்க சர்ஜனுக்கு எங்கே நேரம் இருக்கிறது? காலையில் இரண்டு ஆபரேஷன், மாலையில் புதிதாக வருபவர்கள் நாற்பது பேர். நான் போன அன்று என் டோக்கன் 37. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அவர் செய்தது மறுபிறவி. ஆனால் அவர் கண்ணுக்கு எடை குறைந்திருந்தால் வெற்றி, தையல் நன்றாக இருந்தால் வெற்றி, மற்றது டயட்டீஷியன் பார்த்துக்கொள்வார். அந்த டயட்டீஷியன் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். வேறு சில ஆஸ்பத்திரிகளில் சர்ஜன், பிசிஷியன், டயட்டீஷியன் மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்கும் ஏற்பாடு உண்டு, அப்படி உங்களுக்கு அமைந்து, ஊரும் பக்கமாக இருந்தால், மேலே படிக்கவே வேண்டாம், அங்கேயே தொடருங்கள்.

அடுத்தது என்டோகிரைனாலஜிஸ்ட். ஹார்மோன் டாக்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: போர்டில் "டயபடாலஜிஸ்ட்" என்று இருப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு டிப்ளமோ செய்தவராகவும் இருக்கலாம், என்டோகிரைனாலஜிஸ்ட் என்பவர் எம்.டி.க்கு மேல் டி.எம். அல்லது அதற்கு இணையாகப் படித்தவர். முன்னவர் சர்க்கரையை நன்றாகவே பார்ப்பார், ஆனால் நமக்குச் சர்க்கரை மட்டும் பிரச்சினை இல்லை.

எனக்கு இந்த வித்தியாசம் புரிந்தது ஒரே ஒரு ரிப்போர்ட்டால். தெருமுனை டாக்டர் கால்சியம் எடுக்கச் சொன்னார், 9.0 வந்தது, "நார்மல்மா" என்றார். எண் நார்மல்தான். திருச்சியில் என்டோகிரைனாலஜிஸ்ட் மேடம் அதே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வைட்டமின் டி-யும், ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் எடுக்கச் சொன்னார். டி 14 வந்தது. பாராதைராய்டு 65க்குள் இருக்க வேண்டியது 112. அவர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார்: சாப்பாட்டிலிருந்து கால்சியம் உள்ளே வரவில்லை, ரத்தத்தில் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ரத்தத்தில் நார்மல். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். 40 வயதில் என் இடுப்பு எலும்பு இருக்க வேண்டியதைவிட மெலிந்திருந்தது. நான் அதுவரை சாப்பிட்ட கால்சியம் மாத்திரை கார்பனேட் வகை, அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், நம்மிடம் அது குறைவு. சிட்ரேட் வகைக்கு மாற்றினார், ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. அதைவிட முக்கியமாக, இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதே, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடு என்றார். நாலு வருடமாக நான் இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டு, அதன் மேலேயே ஃபில்டர் காபியும் குடித்துக்கொண்டிருந்தேன். கால்சியமும் தடுக்கும், காபியும் தடுக்கும், இரும்பு எப்படி ஏறும்? சரி, தெரியாமல் செய்தது.

இன்னொன்று. 2023இல் ஒரு கல்யாணத்தில் பந்தியில் கேசரியும் பாயசமும் கொஞ்சம் சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் லோ பிரஷர் என்று உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். சித்தப்பா பையில் குளுக்கோமீட்டர் இருந்தது, குத்திப் பார்த்தால் 52. பைபாஸ் ஆனவர்களில் சிலருக்கு இனிப்போ வெறும் மாவுச்சத்தோ சாப்பிட்டால் சர்க்கரை வேகமாக ஏறி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் தடாலென்று இறங்கும். ஆபரேஷன் ஆன உடனே அல்ல, ஒரு வருடம் கழித்துத்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் என்டோகிரைனாலஜிஸ்ட் வேலை. எனக்குச் சாப்பாட்டு முறையை மாற்றியதிலேயே சரியாகிவிட்டது, சாதத்துக்கு முன்னால் முட்டை அல்லது சுண்டல், இனிப்பு தனியாக வேண்டவே வேண்டாம்.

எடை திரும்ப ஏறுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை இரண்டு வருடத்தில் அடிமட்டத்துக்கு வந்த எடை பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பது, எனக்கு 71லிருந்து 77. அது நம் குற்றம் என்று ஒரு டாக்டர் பேசினால் அவர் நமக்கு வேண்டாம். 2025இல் பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும் மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, ஆபரேஷன் ஆகி எடை ஏறியவர்களும் அதைக் கேட்கிறார்கள். ஏற்கனவே குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பசியை இன்னும் குறைத்தால் புரதமும் சத்தும் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதற்கும் ஹார்மோன் டாக்டர்தான் சரியான ஆள், மருந்துக்கடை இல்லை.

அப்படியென்றால் என்டோகிரைனாலஜிஸ்ட் மட்டும் போதுமா? போதாது. அவர் கரூரில் இல்லை, திருச்சியில் இருக்கிறார், எண்பது கிலோமீட்டர். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, முழங்கால் வலி என்றால் அவரிடம் ஓட முடியாது. நம் உயிருக்கு ஆபத்தான தவறுகள் நடப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான்.

அதனால்தான் குடும்ப டாக்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் இவரைத்தான் கடைசியில் வைப்பார்கள், "அவருக்கு இந்த ஆபரேஷனைப் பற்றி என்ன தெரியும்?" என்று. உண்மைதான், தெரியாமல் இருக்கலாம். என் டாக்டருக்கும் தெரியாது, அவர் அதை மறைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். நான் கொண்டுபோன டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் இரண்டு தடவை படித்தார், நம்பரைக் குறித்துக்கொண்டார், என் ஓ.பி. நோட்டின் அட்டையிலேயே சிவப்பு மையில் மூன்று வரி எழுதினார்.

முதல் வரி, வலி ஊசி வேண்டாம். முழங்கால் வலி, முதுகு வலி என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது நம் ஊர் வழக்கம், மருந்துக்கடையிலும் கேட்காமலே கொடுப்பார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இந்த மருந்தால் இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம், ரத்தம் கசியலாம், ஓட்டைகூட விழலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் அந்த வகைதான். வலிக்குப் பாராசிட்டமால்.

இரண்டாவது வரி, குளுக்கோஸ் டிரிப்புக்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1. நாலு நாள் வாந்தி என்று போனால் நம் ஊரில் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு நிற்காது, ஏற்கனவே குறைவாகச் சாப்பிடும் நமக்கு விடாத வாந்தி என்றால் சீக்கிரமே தீர்ந்துவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையையே பாதிக்கலாம், பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தடுமாறும், ஞாபகம் போகும், சிலருக்குத் திரும்பாது. ஒரு ஊசி மருந்து முதலில் போய்விட்டால் தவிர்க்கக்கூடிய விஷயம் இது. இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அப்போது சொல்லும் நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

மூன்றாவது, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழைய அளவில் கொடுக்கக் கூடாது. எடை இறங்க இறங்க இவையும் இறங்க வேண்டும், கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை பழைய அளவில் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்களாக இருந்தால், ஆபரேஷன் ஆனதையும் புதிய அளவையும் வரும் சகோதரியிடம் சொல்லி, டாக்டர் கையெழுத்தோடு பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் பதிவில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், நம் வயிற்றில் என்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இத்தனையும் குடும்ப டாக்டரால்தான் முடியும். மாதம் ஒரு பி12 ஊசி, 1,000 மைக்ரோகிராம், அவரிடமே போட்டுக்கொள்கிறேன், நடந்துபோய் வர பத்து நிமிடம். இரும்பை மாத்திரையால் ஏற்ற முடியவில்லை என்றபோது நரம்பு வழியாக ஏற்ற அவர்தான் கடிதம் எழுதி அனுப்பினார், குடலைத் தொடாமல் நேராக ரத்தத்துக்குப் போனதும் ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது, மாடிப்படி மறுபடி சாதாரண மாடிப்படி ஆனது. கால் விரல் மரப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை, இடது காலில் இன்னும் இருக்கிறது. தாமதமாகப் போனால் நரம்பு முழுதாகத் திரும்பாது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அவரால் முடியாதது எது என்றும் சொல்ல வேண்டும். துத்தநாகம், செம்பு, வைட்டமின் ஏ, பாராதைராய்டு இந்தப் பரிசோதனைகளையெல்லாம் அவர் சொந்தமாக எழுத மாட்டார். செம்புக் குறைவும் பி12 குறைவு மாதிரியே நடையைத் தடுமாற வைக்கும், முடி கொட்டுகிறது என்று நாமே துத்தநாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டால் செம்பு குறையும். இந்த முடிச்சுகளை அவிழ்க்க மேலே ஒருவர் வேண்டும். உங்கள் குடும்ப டாக்டர் எம்.டி. பொது மருத்துவம் படித்தவர், கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவர் என்றால் அவர் ஒருவரே போதும் என்றுகூடச் சொல்வேன், எனக்கு அப்படி அமையவில்லை.

கேஸ்ட்ரோ டாக்டர் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை, ஆனால் அண்ணனுக்கு உண்டு. ஸ்லீவ் ஆனவர்களுக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் புதிதாக வருவதும், இருந்தது அதிகமாவதும் பரவலாகப் பார்க்கிற விஷயம். அண்ணன் லாரி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடம் மருந்துக்கடையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரையைப் பட்டை பட்டையாக வாங்கிப் போட்டார், இரவில் மூன்று தலையணை வைத்துத் தூங்கினார், யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாத்திரையை நீண்ட நாள் போட்டால் பி12 இன்னும் குறையும் என்பது அவருக்குத் தெரியாது. அண்ணிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது, இரைப்பை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அவருக்கு கேஸ்ட்ரோ டாக்டர் பார்த்துவிட்டு மறுபடி பாரியாட்ரிக் சர்ஜனிடமே அனுப்பினார், ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆக ஸ்லீவ் ஆனவர்களுக்கு, அதுவும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு, மூன்றாம் வருடத்துக்குப் பிறகும் சர்ஜன் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்வதுதான் சரி. எனக்குச் சொன்னதை அண்ணனுக்குச் சொன்னால் தப்பாகிவிடும்.

டயட்டீஷியன் தனியாகப் போதாது, ஆனால் இல்லாமலும் நடக்காது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள், அதைச் சின்னப் பைக்குள் நம் சாப்பாட்டில் எப்படிக் கொண்டுவருவது என்று சொன்னவர் டயட்டீஷியன் மட்டும்தான். முட்டை ஒன்றில் ஆறு கிராம் என்று கணக்குப் போட்டு, காலையில் இட்லியைக் குறைத்து முட்டை, மதியம் மீன், மாலை சுண்டல், ராத்திரி பனீர் என்று எழுதிக் கொடுத்தார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இவர் இன்னும் அவசியம். மாத்திரை எழுதும் டயட்டீஷியனிடமும், தன் கிளினிக் பவுடர் டப்பாவைத் தலையில் கட்டுகிறவரிடமும் போக வேண்டாம்.

குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும். ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் கர்ப்பம் வேண்டாம் என்பார்கள், எடை வேகமாக இறங்கும் காலம் அது. கருத்தடை மாத்திரை பைபாஸ் ஆனவர்களுக்குச் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், அதனால் வேறு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமானதும் மகப்பேறு டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள், பைபாஸ் ஆனவர்களுக்கு அதைக் குடித்தால் படபடப்பு, வாந்தி, மயக்கம் வரலாம். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதிக் காட்டும் முறை உண்டு. இந்தக் காலத்தில் மகப்பேறு டாக்டரும் என்டோகிரைனாலஜிஸ்டும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்களாக இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதம், ரத்தப் பரிசோதனை முழுவதும் கரூரிலேயே எடுத்து, திருச்சி மேடத்திடம் போகிறேன். மற்ற நாளெல்லாம் தெருமுனை டாக்டர். மேடம் எழுதும் மருந்துச் சீட்டு முதலில் அவருக்குப் போகும். சென்னை சர்ஜனுக்கு அதே ரிப்போர்ட்டை அனுப்பி வீடியோவில் பத்து நிமிடம் பேசுகிறேன், 2020இல் தொலைமருத்துவத்துக்கு விதிமுறை வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது, வயிற்று வலி என்றால் மட்டும் நேரில். ரத்தப் பரிசோதனைக்குக் கடைசியாக ஐயாயிரத்துக்கு மேல் ஆனது, மாத்திரைச் செலவு தனி. ஆபரேஷனுக்குக் காப்பீடு பணம் கொடுத்தது, இதற்கெல்லாம் என் பாலிசி கொடுப்பதில்லை, உங்களுடையதைக் கேட்டுப் பாருங்கள். பணம் இடிக்கிற வருடத்தில் மேடத்திடம் கேட்டே குறைத்துக்கொள்வேன், ஆனால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு, மூன்று மாத சர்க்கரை இவற்றை விட்டதில்லை.

இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறினால் நேராகவே கேளுங்கள்: "சார், எனக்கு வருஷா வருஷம் என்னென்ன டெஸ்ட் எடுப்பீங்க?" ஹீமோகுளோபினும் சர்க்கரையும் மட்டும் சொல்கிறவரைவிட, "எந்த ஆபரேஷன், ஸ்லீவா பைபாஸா?" என்று திருப்பிக் கேட்கிறவர் மேல். "அதெல்லாம் வேண்டாம், நல்லா சாப்பிட்டா போதும்" என்கிறவரிடம் எத்தனை பட்டம் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் கையில் ஆபரேஷன் குறிப்பு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, உள்ளே என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதிய குறிப்பு தனியாக இருக்கும். மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி நாம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும், ஆனால் அதே விதி மூன்று வருடம்தான் வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் ஆபரேஷன் ஆன முதல் வருடத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் 2022 கடைசியில்தான் கேட்டேன், நாலரை வருடம் ஆகியிருந்தது, பதிவுப் பிரிவில் இருந்த அம்மா ஒருவர் இரண்டு நாள் தேடி எடுத்துக் கொடுத்தார். நாலு பக்கம். குடலை எத்தனை சென்டிமீட்டர் விட்டு இணைத்தார்கள் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது, திருச்சி மேடம் முதலில் விரலை வைத்துப் படித்தது அந்த வரியைத்தான்.